மகள் ட்ரிபிள் ஈ படிக்க விரும்புகிறாள், சேர்க்கலாமா?

வினா: காயில் பட்டறை, வள்ளியூர்

அனைவருக்கும் வணக்கம். வள்ளியூர்ப் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தி வருகிறேன். ஐ.டி.ஐ. வரை படித்தவன். என் மகள் இவ்வாண்டு பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள். கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 82 என்பதால் கட்ஆஃப் 200-க்கு 181 வருகிறது.

அவள் மின் மற்றும் மின்னணுப் பொறியியலைத்தான், அதாவது ட்ரிபிள் ஈ-யைத்தான் எடுப்பேன் என்கிறாள். சிறு வயது முதல் பட்டறையிலேயே வளர்ந்தவள். பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், “எல்லா மோட்டார் தகட்டிலும் வேகம் 1,440 என்றே போட்டிருக்கிறதே, அது ஏன் 1,500 என்று முழு எண்ணாக இல்லை?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருந்தும் எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் அவளை இந்தப் பக்கம் இழுத்தது என்று நினைக்கிறேன்.

உறவினர்கள் அனைவரும் கணினி அறிவியலையே எடுக்கச் சொல்கிறார்கள். பெண் பிள்ளை கம்பம், டிரான்ஸ்பார்மர் என்று வெயிலில் அலைய வேண்டுமா என்பது ஒரு வாதம்; ட்ரிபிள் ஈ படித்தவர்களும் கடைசியில் மென்பொருள் வேலைக்குத்தானே போகிறார்கள் என்பது இன்னொன்று. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் தெரியும். கூடங்குளமும் தொலைவில் இல்லை. இவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகும் ஊரில் இருந்துகொண்டு, மின்சாரம் படித்தால் வேலை இல்லை என்ற பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செயற்பொறியாளர், மின்வாரியம்

தம்பி, முதலில் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு என்ன என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. நான்கு துருவம் கொண்ட மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாயும்போது, நீங்கள் கட்டும் காயில்கள் உண்டாக்கும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. மோட்டாரின் உள்ளே சுற்றும் பகுதியான சுழலியும் அதே வேகத்தில் சுற்றினால், அதன் கம்பிகளைப் புலம் வெட்டிக் கடக்காது; வெட்டிக் கடக்காவிட்டால் அவற்றில் மின்னழுத்தம் தூண்டப்படாது; மின்னோட்டம் இல்லாமல் முறுக்குவிசையும் இராது. ஆகவே சுழலி எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓட வேண்டும். முழுச் சுமையில் அந்தப் பின்தங்கல், அதாவது ஸ்லிப், 60 சுற்று, நூற்றுக்கு நான்கு. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போனால் மோட்டார் ஏன் உறுமிக்கொண்டு எரிகிறது, ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் தொடக்க மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காக எப்படிக் குறைக்கிறது, அப்படிக் குறைக்கும்போது தொடக்க முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடுவது ஏன் என்பவற்றையெல்லாம் நீங்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருப்பீர்கள். அவற்றைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொடுப்பது இரண்டாம் ஆண்டின் மின் இயந்திரப் பாடம்.

அதற்கு மேல் மூன்றாம் ஆண்டில் வருவது மின் அமைப்புகள். இதில்தான் உங்கள் மாடியிலிருந்து தெரியும் காற்றாலைகள் பாடமாகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மே முதல் செப்டம்பர் வரை அவை மிகுதியாகச் சுழலும். காற்று நின்றால் சில மணி நேரத்திலேயே பெரும் அளவு மின்சாரம் கைவிட்டுப் போகும். மின்சாரத்தை மூட்டையில் கட்டி வைக்க முடியாது அல்லவா? உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். சமம் குலைந்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து நகரும். 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரு நிலையத்தைக் குறைக்கச் சொல்வதும், மற்றொன்றைக் கூட்டச் சொல்வதும், கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தில் 400 மெகாவாட் அளவுக்கு மிகை மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்குவதும் பகிர்மானக் கட்டுப்பாட்டு மையத்தில் இரவு பகலாக நடக்கும் வேலை.

2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவின் பெரும்பகுதி இருளில் மூழ்கியதை நினைவில் வைத்திருப்பீர்கள். அன்று தென்னகம் தப்பியதற்குக் காரணம், நம் வலையமைப்பு மற்றவற்றோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே தொடர்பு கொண்டிருந்ததுதான். அங்கே அதிர்வெண் சரிந்தபோது நம்முடையதை அது இழுத்துச் செல்ல முடியவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடம் வந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடத் தொடங்கியது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் 6,000 மெகாவாட் திறனுடன் வந்துவிட்டது. இவற்றை வடிவமைக்கவும், காக்கவும், பழுதானால் மீட்கவும் ட்ரிபிள் ஈ படித்தவர்கள் வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்கு ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை. அறிவிப்பு வரும்போது எழுதலாம். அதற்காகவே நான்கைந்து ஆண்டுகள் வீட்டில் காத்திருந்து வயதைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் குறித்த உங்கள் உறவினர்களின் கவலை பழையது. எனக்குக் கீழ் பணியாற்றிய உதவிப் பொறியாளர்களில் பலர் பெண்கள். கம்பத்தில் ஏறுவது பொறியாளரின் வேலை அன்று. லைன் கிளியர், அதாவது மின்பாதையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி வாங்கி, மின்னோட்டம் உண்மையிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதா என்று சோதித்து, எர்த் செய்த பிறகே ஆளை ஏற்றுவதும், ஏறிய ஆள் இறங்கும் வரை அதற்குப் பொறுப்பேற்பதும்தான் அவர்களுடைய வேலை. ஆனால் புயல் அடித்தால் நள்ளிரவிலும் பிரிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

அ. லலிதா என்ற பெயரை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அதன் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் முடித்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன விவாதத்தை உங்கள் உறவினர்கள் இப்போது தொடங்குகிறார்கள்.

மறுமொழி 2: முன்னாள் ட்ரிபிள் ஈ, இப்போது மென்பொருள்

செயற்பொறியாளர் ஐயா சொன்னதில் தவறு ஏதும் இல்லை. எனினும் படத்தின் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் தென்மாவட்டத் தனியார் கல்லூரி ஒன்றில் ட்ரிபிள் ஈ முடித்தவன். என் வகுப்பில் 58 பேர். இன்று மின்துறையில் இருப்பவர்கள் பத்துப் பேரைத் தாண்ட மாட்டார்கள். வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை மென்பொருள் நிறுவனங்கள். அவை எந்தக் கிளை என்று பார்க்கவில்லை. மின்துறையிலிருந்து வந்தவை இரண்டு. இரண்டும் சேர்ந்து நால்வரை எடுத்தன. அந்த நால்வரின் தொடக்கச் சம்பளம் எங்களுடையதைவிடக் குறைவு.

ஆகவே “ட்ரிபிள் ஈ எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும்” என்ற பேச்சைச் சற்று ஐயத்தோடு கேளுங்கள். மென்பொருள் கதவு திறந்திருந்தது உண்மை. ஆனால் கணினி மாணவர்கள் நான்கு ஆண்டு வகுப்பில் படித்ததை நான் இறுதியாண்டில் இரவில் விழித்துப் படித்தேன். அவளுக்கு உள்ளூர மென்பொருளில்தான் விருப்பம் என்றால் நேராக அதிலேயே சேர்ப்பது நல்லது. மின்சாரத்தில்தான் விருப்பம் என்றால், கல்லூரி வளாகத்துக்கு வேலை தேடி வரும் என்று காத்திராமல், தானே தேடிப் போகும் மனநிலையோடு சேர வேண்டும்.

மறுமொழி 3: மோட்டார் கட்டுப்பாடு, ஓசூர்

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாக என்னை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் வளாக நேர்காணலில் மின்துறை வேலை கிடைக்கவில்லை. வந்த மென்பொருள் வேலையை வேண்டாம் என்று சொல்ல வீட்டில் பெரிய போராட்டமே நடந்தது.

அம்பத்தூரில் பேனல் போர்டு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். சம்பளம் விடுதிக்கும் பேருந்துக்கும் சரியாக இருந்தது. பஸ்பார் அளவைத் தேர்வது, பிரேக்கர் அமைப்பது, ரிலே சோதிப்பது என்று பதினாறு மாதங்கள். இடையில் தளப் பொறியாளர் பணி ஒன்று காலியானபோது, என்னைவிட அனுபவம் குறைந்த ஆண் ஒருவரை அனுப்பிவிட்டு, “உனக்கு எதற்கம்மா வெயில், வரைபடத்தைப் பார்த்துக்கொள்” என்றார்கள். அன்பாகச் சொன்னதாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள். உங்கள் மகளும் இதைச் சந்திக்கக்கூடும் என்பதற்காகவே எழுதுகிறேன்; எனக்கு வெயிலைவிட அந்த அன்புதான் கடினமாக இருந்தது.

இப்போது மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். பேட்டரியிலிருந்து வருவது நேர்மின்னோட்டம்; மோட்டாருக்கு வேண்டியது மூன்று பேஸ். இடையில் ஆறு மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி அதை உருவாக்குகின்றன. எந்தச் சுவிட்சு எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கணக்கிடும் நிரலை எழுதுவது என் வேலை. மூன்று பேஸ் மின்னோட்டத்தைச் சுழலியோடு சேர்ந்து சுழலும் இரண்டு அச்சுகளுக்கு மாற்றிப் பார்க்கும் பார்க் மாற்றம் என்றொரு கணக்கு உண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, வாழ்நாளில் இனித் தேவைப்படாது என்று மூடி வைத்த பாடம் அது. இன்று காலை முதல் மாலை வரை அதனோடுதான் இருக்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் மின்வாகன உற்பத்தி வளர்ந்துவிட்டதால் மின் இயந்திரம், பவர் எலக்ட்ரானிக்ஸ், நிரலாக்கம் மூன்றும் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. மூன்றும் ஒருவரிடமே அமைவது அரிது.

கணினியா மின்சாரமா என்று இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கும் இதுவே காரணம். நான் நாள் முழுவதும் சி மொழியில்தான் எழுதுகிறேன்; ஆனால் என் நிரலில் பிழை இருந்தால் திரையில் எச்சரிக்கை வராது, மேசையில் புகை வரும். மகளிடம் முதல் ஆண்டிலிருந்தே சி மொழியையும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரையும் கற்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுக்குள் சிமுலிங்க் என்னும் மாதிரியாக்க மென்பொருளைப் பழகிவிட வேண்டும். காயில் கட்டும் பட்டறையில் வளர்ந்தது பெரிய பலம். ஸ்லாட், பிட்ச், பேஸ் குரூப் என்று காயில் அமைப்பைப் பற்றி நான் படத்தில் பார்த்ததை அவள் விரலால் தொட்டிருக்கிறாள். என் குழுவில் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தே இராத முதுகலைப் பட்டதாரிகள் இருக்கிறார்கள்.

மறுமொழி 4: மின்பொறியியல் ஆசிரியர், மதுரை

இருபது ஆண்டுகளாக இப்பாடத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில் கல்லூரித் தேர்வைப் பற்றி மட்டும் கூறுகிறேன். மறுமொழி 2 எழுதியவரின் மனக்குறை பெரும்பாலும் கல்லூரியைப் பற்றியது, பாடப்பிரிவைப் பற்றியது அன்று என்பது என் கருத்து.

விருப்பப் பட்டியலை நிரப்பும் முன், கல்லூரியின் பெயரைக் கேட்டு மயங்காமல், முடிந்தால் மகளோடு நேரில் சென்று மின் இயந்திர ஆய்வகத்தைப் பாருங்கள். இந்த ஆய்வில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு மோட்டாரோடு எத்தனை மாணவர் நிற்கிறார்கள், தாங்களே இணைப்புக் கொடுக்கிறார்களா அல்லது உதவியாளர் கொடுத்துவிட அளவை மட்டும் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வழங்கப்படுவதில்லை. பாடப்பிரிவு வாரியாக வழங்கப்படுவது. ஆகையால் ட்ரிபிள் ஈ பிரிவுக்கு அது இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். கணினிப் பிரிவுகளுக்கு இடங்களைக் கூட்டுவதற்காக மின்பொறியியல் இடங்களைக் குறைத்து, ஆசிரியர்களையும் குறைத்துவிட்ட கல்லூரிகள் உண்டு.

இப்படிப்பில் கணிதம் ஓயாது வரும். மாணவர்கள் அரியர் வைப்பது பெரும்பாலும் மின்காந்தப் புலம் பாடத்தில். வெக்டர் நுண்கணிதம் புரியாமல் சூத்திரத்தை உருப்போடுவதே காரணம். 96 எடுத்த பெண்ணுக்கு அது எட்டாதது அன்று. ஆனால் பிளஸ் டூ கணிதத்தில் மனப்பாடத்தால் வந்த மதிப்பெண்ணா, புரிந்து வந்ததா என்பதை அவள்தான் அறிவாள். 1,440 பற்றிய கேள்வியைக் கேட்டவள் என்பதால் எனக்கு அதிகம் கவலை இல்லை.

மூன்றாம் ஆண்டிலிருந்து, பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வை எழுதலாம். மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண். அதன் மூலம் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுப்பதும் கேட் மதிப்பெண்ணைக் கொண்டுதான். வேறு சில பொதுத்துறை நிறுவனங்களும் அவ்வாறே எடுக்கின்றன. மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வில் உள்ள நான்கு பிரிவுகளில் மின்பொறியியலும் ஒன்று. இவற்றில் போட்டி கடுமையானது. ஆயினும் இங்கே கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் இல்லை என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாதகம்.

மறுமொழி 5: காயில் பட்டறை, வள்ளியூர்

எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எல்லாவற்றையும் மகளும் நானும் சேர்ந்தே படித்தோம். 1,440-க்கான விளக்கத்தைப் படித்துவிட்டு, “அப்படியானால் சுமை இல்லாமல் ஓடவிட்டால் 1,500-ஐ நெருங்க வேண்டுமே” என்றாள். இன்று காலை ஒரு மோட்டாரைச் சுமையின்றி ஓடவிட்டு, பக்கத்து லேத் பட்டறையிலிருந்து வேகமானி வாங்கிவந்து பார்த்தோம், 1,492 காட்டியது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. படித்து முடித்து, வெளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, அவள் சொந்தத் தொழில் செய்ய விரும்பினால் இந்தப் பட்டத்துக்கு அதில் மதிப்பு உண்டா? பட்டறையை அவள் எடுத்து நடத்த வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுமொழி 6: ஓய்வுபெற்ற செயற்பொறியாளர், மின்வாரியம்

உண்டு. பட்டமும் உரிய களப்பயிற்சியும் இருந்தால், மின் உரிம வாரியத்திடம் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் பெறலாம்; அதைத் தொடர்ந்து ஒப்பந்ததாரர் உரிமத்துக்கும் வழி இருக்கிறது. உயரழுத்த இணைப்பு வாங்கும் ஆலைகள், மருத்துவமனைகள், குளிர்பதனக் கிடங்குகள் ஆகியவற்றுக்கு மின் அமைப்பை வடிவமைத்து, மின் ஆய்வாளரின் ஒப்புதல் வரை கொண்டு செல்ல இத்தகைய ஆள்கள் வேண்டும்.

மற்றொன்று ஆற்றல் தணிக்கை. மத்திய எரிசக்தித் திறன் செயலகம் நடத்தும் தேர்வை, பொறியியல் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதித் தணிக்கையாளராகலாம். உங்கள் தொழிலோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. எரிந்த மோட்டாரைச் சூடேற்றிப் பழைய கம்பியை உருவும்போது வெப்பம் மிகுந்தால், தகடுகளுக்கு இடையிலான காப்பு கெட்டு, மோட்டார் முன்பைவிட அதிக மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். திரும்பக் காயில் கட்டுவதா, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ஐ.ஈ.3 தரத்தில் புதிதாக வாங்குவதா, எது எத்தனை மாதத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்று ஓர் ஆலைக்குக் கணக்கிட்டுச் சொல்வதே தணிக்கையாளரின் அன்றாட வேலை. அந்தக் கணக்கின் ஒரு பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மறுமொழி 7: காயில் பட்டறை, வள்ளியூர்

மிக்க நன்றி ஐயா. ஆசிரியர் ஐயா கூறியபடி திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நான்கு கல்லூரிகளின் ஆய்வகங்களைப் பார்த்து வந்தோம். ஓரிடத்தில் ஆறு மோட்டார்களில் இரண்டு துருப்பிடித்து இறுகியிருந்தன. கையால் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். மற்ற மூன்றையும் அரசுப் பொறியியல் கல்லூரிகளையும் சேர்த்து, ட்ரிபிள் ஈ-யை மட்டுமே வரிசைப்படுத்தியிருக்கிறாள். கணினி அறிவியலைக் கடைசி வரிசையில் ஒன்றாவது போட்டு வைக்கலாமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, ஓசூர்ச் சகோதரியின் மறுமொழியைக் காட்டினாள். பட்டியலை நாளை மாலை பூட்டுகிறோம்.